ஜன்னலோரப் பயணி

ஓட்டுநர்களின் முந்தைய இரவுக் கனவைத் திரையில் பார்த்த பிறகுதான் பேருந்துப் பணிமனை அதிகாரி செண்பகவல்லி அவர்களை வண்டியெடுக்க விடுவாள். ஓட்டுநர் அருள்தாஸுக்கு ஐந்து நாளாக ஒரே கனவு. பேருந்து ஓடுகிறது, ஓட்டுநர் இருக்கை காலி, அவர் ஜன்னலோரம் சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறார். இப்படிக் கனவு வந்தால் விதிப்படி அவரைப் பணியிலிருந்து நிறுத்திவைக்க வேண்டும்.

"அப்ப வண்டிய யாரு ஓட்டுதா அண்ணாச்சி?" என்று ஆவலாகக் கேட்டாள்.

"அத நான் பாக்கவே இல்ல மேடம். வண்டி ஓட்டுன இருவது வருசத்துல ஜன்னலோரச் சீட்டுல உக்காந்ததே இல்ல. அம்புட்டுச் சொகமா இருக்கு."

அவரை நிறுத்திவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒருநாள் விடுப்பும் நாகர்கோவிலுக்கு ஜன்னலோர டிக்கெட்டும் கொடுத்தனுப்பினாள்.

விடுப்பு முடிந்து அவர் வந்ததும், "என்னவெல்லாம் பாத்தீங்க?" என்றாள்.

"ரோட்டத்தான் பாத்தேன். வளைவு வந்தா என் கால் பிரேக்கத் தேடுது. பக்கத்துல இருந்தவர மிதிச்சு, சண்டையே வந்துட்டு."

திரையில் அன்று கனவே இல்லை. அவள் சாவியை நீட்டினாள். அவர் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.