வேப்பிலை கட்டிய வீடு

வடிவாம்பாள் அக்கா வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. அதே வீட்டுக் கொல்லையிலிருந்து கடுகு தாளிக்கிற வாசனை வந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மை போட்ட வீட்டில் யாராவது தாளிப்பார்களா?

இளநீரைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் கொல்லைப் பக்கமாகப் போனேன். அம்மை அக்காவின் பிள்ளைக்கு மட்டும் இல்லை. தறி வேலைக்காகப் பள்ளிக்கூடத்தை விட்ட எங்கள் தெருப் பெண்பிள்ளைகளில் என் மகளைத் தவிர எல்லோருக்கும் ஒரே சமயத்தில் போட்டுவிட்டது. பெரியம்மை இல்லை, சின்னம்மைதான் என்று அக்காவே பார்த்துச் சொன்னாள். “எனக்குச் சின்ன வயசுலியே போட்டாச்சு. எல்லாம் என் வூட்டுலியே இருக்கட்டும்” என்று பிள்ளைகளை அவளே வாங்கி வைத்துக்கொண்டாள்.

வருஷம் முழுக்க அந்தப் பிள்ளைகளுக்குத் தன் வீட்டில் பாடம் சொல்லித் தருகிறவளும் அவள்தான். பெரிய வாத்தியார் ஒரு வழி சொல்லியிருந்தார். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இந்தப் பங்குனியில் அஞ்சாவது பரிட்சை எழுதி பாஸ் பண்ணினால், ஆறாவதில் சேர்த்துக்கொள்வாராம்.

என் மகள் வள்ளியும் அங்கேதான் படித்துக்கொண்டிருந்தாள். பங்குனி பிறந்ததும் அவள் அப்பா நிறுத்திவிட்டார். கல்யாணப் புடவை அவசரம், கரை நெய்ய, தறியில் நூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ள ஆள் வேண்டும். வள்ளி நாடா தள்ளிக்கொண்டே அழுதாள்.

கொல்லைக் கதவைத் தள்ளினேன்.

தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கோலமாவால் நம் பக்கத்து ஊர்களை எல்லாம் வரைந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் அம்மா எல்லம்மாள், தென்னேரி ஏரிக்கு மண்ணால் கரை பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தியின் அம்மா தில்லையம்மாள், படியையும் ஆழாக்கையும் வைத்து அரிசியில் கால், அரைக்கால் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எந்த முகத்திலும் ஒரு முத்துகூட இல்லை.

“இன்னாக்கா இது?”

“பாலாறும்மா. இதுங்க வாலாஜாபாத்த ஆத்துக்குள்ள போட்டுட்டுதுங்க. இப்பத்தான் இழுத்துக் கரையேத்தினோம்.”

“அம்மை எங்கக்கா?”

அக்கா எழுந்து வந்து கதவைச் சாத்தினாள். “இந்திராணி, வேப்பிலை கட்டின வூட்டுக்குள்ள வந்து, எழுந்து வா தறிக்குன்னு எந்த ஆம்பளையாவது கூப்பிடுவானா? அம்மை எறங்கி மூணு தண்ணி ஊத்துறதுக்குள்ள பரிட்சை முடிஞ்சிடும்.”

“ஆத்தா பேர்ல பொய் சொல்லலாமாக்கா?”

“அவளும் பொம்பளதானே. சொன்னா கேட்டுக்குவா.”

எல்லம்மாள் சிரித்தாள். “எங்க வூட்டுக்காரரு வாசல்லியே நின்னு கன்னத்துல போட்டுக்கினு போறாரு. கல்யாணம் ஆனதுலேருந்து அவரு எதுக்காவது பயந்து இப்பத்தான் பாக்குறேன்.”

“வள்ளியையும் இட்டாந்து வுடும்மா” என்றாள் அக்கா.

“அவருகிட்ட எப்பிடிக்கா சொல்றது? பொய் சொன்னா என் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்.”

“அப்போ வாயையாவது மூடிக்கினு இரு. ஒரு வூட்டு ஆம்பளைக்குத் தெரிஞ்சாலும் போச்சு. நாளைக்கே அத்தனையும் தறியில உக்காந்துக்கினு இருக்கும்.”

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்றே தெரியவில்லை. அக்கா செய்வது பாவமா, புண்ணியமா? ஆத்தா கோபித்துக்கொண்டு வள்ளிக்கு நிஜமாகவே போட்டுவிட்டால்? வள்ளியை அனுப்பாவிட்டாலும் மனசு கேட்கவில்லை. நான் மூணாவதோடு நின்றவள். பஸ் பலகையை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும்.

நான் உள்ளே நுழைந்ததும் தறிச் சத்தம் நின்றது.

“இளநி குடுத்தியா?” என்றார் வள்ளி அப்பா.

“ம்.”

“எப்பிடி இருக்குதுங்க புள்ளைங்க?”

“இருக்குதுங்க.”

“முத்து நெறைய போட்டிருக்குதா?”

ஆத்தா, மன்னிச்சுடும்மா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். “நெறைய” என்றேன். பாதிதான் வெளியே வந்தது.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டுபிடித்துவிட்டார், என்னால் எல்லாப் பிள்ளைகளின் படிப்பும் போச்சு என்று நினைத்தேன்.

“வள்ளி, இங்க வாம்மா.”

தறிப் பள்ளத்திலிருந்து அவள் ஏறி வந்தாள். அவள் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார்.

“நெத்தியில பாரு, முத்து மாதிரி இல்ல?”

பார்த்தேன். கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது நெற்றி. இல்லியே என்று சொல்ல வாய் திறந்தேன்.

“எனக்குத் தெரியுது” என்றார். “கல்யாணப் பட்டு இருக்குற எடத்துல வெச்சிக்கக் கூடாது. அந்த வூட்டுலியே கொண்டு போய் வுட்டுட்டு வா. கரைக்கு நீ உக்காரு.”

“எனக்கு நாடா தள்ள வராதே.”

“நான் எதுக்கு இருக்கேன். வரும்.”

வள்ளி என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன். யார் யாரிடம் பொய் சொல்கிறோம் என்றே எனக்குப் புரியவில்லை. இதற்குமேல் எதுவும் கேட்கப் பயந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன்.

“இந்தா” என்று கூப்பிட்டார். எங்களைப் பார்க்கவில்லை. குனிந்து இழையைச் சரி பண்ணிக்கொண்டே சொன்னார்.

“அம்மை போட்ட புள்ளைங்கள வாய்ப்பாட்ட மட்டும் கொஞ்சம் மெதுவா சொல்லச் சொல்லு. தெருமுனை வரைக்கும் கேக்குது.”