பாதிச் சொல்

கணவன் உதைத்த உதையில் தாழ்ப்பாளின் திருகுகள் ஆடின. "கதவத் தொறட்டி!" உள்ளே லில்லிபாய் வேதாகமத்தை மடியில் விரித்து, எப்போதும் வாசிக்கும் அந்த ஒரு சொல்லை விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள்: பயப்படாதே. ஆண்டவர் சொல்லச் சொல்ல அவளுக்குப் பயம்தான் கூடிக்கொண்டு வந்தது. அடுத்த உதையில் விரல் நழுவிச் சொல்லின் முன்பாதியை மறைத்தது. 'படாதே' மட்டும் மிஞ்சியது. அது அவளுக்குச் சொன்ன சொல்லே இல்லை. பயத்தைப் பார்த்துச் சொன்னது, இவள்மேல் படாதே என்று. எழுந்துபோய் அவளே தாழ்ப்பாளை நீக்கினாள். ஓங்கிய கையோடு வந்தான்.

"படாதே" என்றாள்.

கை அந்தரத்தில் நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை ஒருமையில் பேசியதில்லை.

"ஏட்டி, யாரப் பாத்து சொல்லுத?"

"ஒங்கள இல்ல" என்றாள், அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தபடி.

அவன் மெல்லத் திரும்பிப் பார்த்தான்.