எந்த மலைக்கு எதிர்காலம்?

"லிஃப்ட் ஓடாது! மோட்டார் கோளாறு! வண்டியைத் திருப்புங்க!"

மொமிசாவா பனிச்சறுக்கு மலையை நடத்தும் தொகிகோ நடுச்சாலையில் நின்று கையை ஆட்டினாள். பஸ் நிறைய தைவான் பயணிகள். ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு மலையைப் பார்த்தார்கள்.

டிரைவர் தலையை நீட்டிக் கெஞ்சினார். "பெரிய மலையில காத்து அடிக்குதுன்னு கேபிள் காரையே நிறுத்திட்டாங்கம்மா. சறுக்காம ஊருக்குப் போக மாட்டோம்னு இவங்க அடம் பிடிக்கிறாங்க. கொஞ்சம் பாருங்களேன்."

"கணவாய்க்கு அந்தப் பக்கம் ஹனெகூரா இருக்கு. அங்கே போங்க. பனியும் இதைவிட நல்லா இருக்கும்."

பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பிப் போனது.

ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த குரோசேவுக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

தோக்கியோவிலிருந்து நகராட்சி வரவழைத்த ஆலோசகர் அவர். மொமிசாவா, ஹனெகூரா என்று இந்த நகராட்சிக்கு இரண்டு சின்னப் பனிச்சறுக்கு மலைகள். ஒவ்வொன்றிலும் ஆட்களை உச்சிக்கு ஏற்ற ஒரே ஒரு கிழட்டு லிஃப்ட். வளர வாய்ப்புள்ள ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை இந்தக் குளிர்காலத்தோடு இழுத்து மூடிவிடுவது என்று முடிவாகிவிட்டது. மூட வேண்டியது எது என்று குரோசே சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறார் என்று இரண்டு மலைக்காரர்களுக்கும் தெரியும்.

வெளிநாட்டுக்காரர்கள் வரமாட்டார்களா என்று ஒவ்வொரு ஊரும் தவம் கிடக்கிறது. இவள் வாசலுக்கு வந்தவர்களை விரட்டுகிறாள்!

பஸ் வளைவில் மறைந்ததுதான் தாமதம், லிஃப்ட் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. உள்ளூர்ப் பிள்ளைகள் தள்ளுமுள்ளு போட்டுக்கொண்டு ஏறினார்கள்.

"கோளாறுன்னீங்களே?"

"சரியாயிடுச்சு."

"அதுக்குள்ளயா?"

"நல்ல மோட்டார்."

குரோசே பல்லைக் கடித்தார். "தொகிகோ அம்மா, அந்த பஸ் நேரா ஹனெகூராவுக்குத்தான் போகுது. அதை நடத்துற கென்கிச்சி அப்படியே அள்ளிக்கப் போறாரு. உங்களுக்கு உறைக்கவே இல்லையா?"

"அவனா? அள்ளிக்கட்டும். மண்டைக்கனம் பிடிச்ச ஜடம்! பொண்டாட்டி செத்துப் போனதுக்கு அப்புறம் அந்த மலையை விட்டா அவனுக்கு வேற போக்கிடம் ஏது? ஒரு மிசோ சூப்பு வைக்கக்கூடத் துப்பு கிடையாது."

இரண்டு பேருக்கும் ஆகாது என்று நகராட்சியில் முன்பே சொல்லியிருந்தார்கள். கூட்டம் என்றால் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்வார்களாம். அது கிடக்கட்டும். திட்டுவதற்கு இருக்கிற திறமை தொழிலில் இருக்க வேண்டாமா?

காரைக் கிளப்பும்போதே குரோசே முடிவு செய்துவிட்டார். மொமிசாவாவை மூடிவிட வேண்டியதுதான். வந்த விருந்தாளியைத் துரத்தும் மலைக்கு எதிர்காலம் ஒரு கேடா? போய் ஹனெகூராவைப் பார்ப்போம். பிழைக்கத் தெரிந்தவன் எப்படி இருப்பான் என்றாவது பார்க்கலாம்.

கணவாயைத் தாண்டி இறங்கியபோது, அதே பஸ் ஹனெகூரா வாசலில் நின்றுகொண்டிருந்தது. அதற்கு முன்னால், கையில் பனி அள்ளும் மண்வெட்டியோடு, வழியை மறித்தபடி கென்கிச்சி.

"பனியே இல்லைங்க! எல்லாம் பாறை! காலு கையி உடைஞ்சா நான் பொறுப்பில்ல. மொமிசாவாவுக்குப் போங்க!"

முழங்கால் வரை பனியில் புதைந்து நின்றுகொண்டுதான் சொன்னார்.

"யோவ், நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பந்தாடுறீங்களா?" என்று டிரைவர் ஹாரனை அலறவிட்டார்.

குரோசே காரைவிட்டுக் குதித்து இறங்கினார்.

"கென்கிச்சி! உமக்குப் புத்தி கெட்டுப் போச்சா? இந்தக் கூட்டத்தை உள்ளே விட்டா உம்ம மலை பிழைக்கும். இல்லைன்னா மூடிடுவாங்க, தெரியுமா?"

கென்கிச்சி அவரைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். குரல் இறங்கியது.

"தெரியும் சார். அதனாலதான். என் பக்கத்துல இருக்கிறதெல்லாம் என்னை மாதிரிக் கிழடுங்க. அவ பக்கம் பள்ளிக்கூடம் இருக்கு, பிள்ளைங்க இருக்கு. அந்த மலையை மூடிட்டா, குளிர்காலம் முழுக்க அதுங்க செல்போனைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குள்ளயே கிடக்கணும். அவ மலை இருக்கட்டும் சார்."

"இதை அவங்ககிட்டயே சொல்ல வேண்டியதுதானே?"

"அய்யோ, அவகிட்ட மூச்சு விட்டுடாதீங்க! அந்தத் திமிர் பிடிச்சவ, நான் தோத்து ஓடிட்டேன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பா."

குரோசே பஸ்ஸைக் கைகாட்டினார்.

"இந்த பஸ்ஸை இங்கே அனுப்பினதே அவங்கதான்."

"போங்க சார். வாசலுக்கு வந்தவங்களை அவளாவது விடுறதாவது!"

"மோட்டார் கோளாறுன்னு பொய் சொல்லி அனுப்பினாங்க. என் கண் முன்னாடி. லிஃப்ட் நல்லாத்தான் ஓடுது."

கென்கிச்சி மண்வெட்டியைப் பனியில் குத்தி நிறுத்தி, அதன்மேல் சாய்ந்துகொண்டார்.

குரோசே பஸ் பக்கம் திரும்பினார். இங்கே வரும்போது இருந்த அதிகாரம் குரலில் இல்லை.

"டிரைவர், எல்லாரையும் இங்கேயே இறக்கி விடுங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் மொமிசாவாவுக்குக் கூட்டிட்டுப் போங்க. லிஃப்ட் ஓடும். நான் பொறுப்பு."

கதவு திறந்ததும் பயணிகள் கூச்சல் போட்டுக்கொண்டு பனியில் குதித்தார்கள். கென்கிச்சி அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையுறை போட்ட புறங்கையால் மூக்கை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"முட்டாப் பொம்பளை! இனிமே அவளை நான் எப்படி சார் திட்டுவேன்?"