கிராப் வாங்க வந்தவர்கள்

"இடுக்கி போதும்ளா. சங்கிலியில தொங்கும், கவ்வும், இழுத்துட்டு…"

"கவ்வுமா? கடிக்கும்! தடியில பல்லுத்தடம் விழுந்திச்சின்னா நாளைக்கி யாரு பதில் சொல்லுதது?"

"அப்பம் ஃபோர்க்கை எடு. அடியில குடுத்துத் தூக்கினா…"

"உருண்டு ஓடிரும். பொறத்தால ஓடி நீங்க பிடிப்பியளோ?"

பாளையங்கோட்டை ரோட்டில் மினி டிராக்டரும் அதில் மாட்டுகிற சாமான்களும் விற்கிற காசிலிங்கம், இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். புருஷன் விக்டர், பெண்டாட்டி ஜெயஷீலா. ஊர் சாத்தான்குளம் பக்கம், தூக்க வேண்டியது பனந்தடி. வந்ததும் சொன்னது இவ்வளவுதான். மற்றதெல்லாம் சண்டை.

சண்டை போடுகிற கிராக்கி என்றால் அண்ணாச்சிக்கு உள்ளூரக் குளிர்ச்சி. சும்மா பார்க்க வந்தவன் எதற்குச் சண்டை போடுகிறான்? அவருக்கோ இந்த மாதம் ஒரு கிராப்பாவது விற்றாக வேண்டும். தடியை இரண்டு பக்கமும் அணைத்துத் தூக்குகிற இரும்புக் கை அது. கம்பெனிக்காரன் தலையில் கட்டிவிட்டுப் போன நாளிலிருந்து ஒரு காக்கா மட்டும் அதைப் பயன்படுத்தி வந்தது. "இந்த மாசமும் விக்கலேன்னா டீலர்ஷிப்பு ஸ்ரீவைகுண்டத்து முத்துக்குமரனுக்குப் போயிரும்" என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான்.

"மூணையும் மாட்டிக் காட்டுதேன். கண்ணால பாத்துட்டு மிச்சச் சண்டையப் போடுங்க" என்றார்.

பின்பக்கம் ஒரு தேக்குத்தடி கிடந்தது. வருகிறவர்களுக்குத் தூக்கிக் காட்டுவதற்கென்று, பில், ஜிஎஸ்டி போன்ற சில்லறைத் தொந்தரவுகள் இல்லாமல் ஒரு லாரிக்காரனிடம் சல்லிசாக வாங்கிப் போட்டது. பார்க்க யாரும் வராததால், இறக்கிய நாள் முதல் சுவரில் முகத்தை முட்டிக்கொண்டே கிடந்தது.

டிராக்டரில் இடுக்கியை மாட்டி இழுத்தார். தடி சுவரைவிட்டு ஒரு முழம் நகர்ந்தது.

"இந்தச் சத்தத்துக்கு ஊரே கூடிரும்" என்றாள் ஜெயஷீலா.

விக்டர் குனிந்து பார்த்தான். "தோலு உரியுதே அண்ணாச்சி. நம்ம தடியும் இப்படித்தான உரியும்?"

காசிலிங்கம் நிமிர்ந்தார். பனந்தடிக்கு ஏது உரிக்கத் தோல்? பனங்காட்டில் பிறந்தவன் கேட்கிற கேள்வியா இது? போதாக்குறைக்கு, அவன் தோளில் தொங்கிய துணிப்பை டிராக்டரில் இடித்து 'ணங்' என்றது. உள்ளே இரும்பு. தடம் விழக்கூடாது, சத்தம் வரக்கூடாது, பையில் ஆயுதம்! ஹார்பர் பக்கத்து மர டிப்போக்களில் தடி களவு போவதைப் பேப்பரில் அவரும் படித்திருந்தார்.

"மொத்தம் எத்தன தடி இருக்கும்?" என்று பக்குவமாகக் கேட்டார்.

"இப்போதைக்கு ஒண்ணுதான்" என்றாள் ஜெயஷீலா. "அது கைக்கு வந்துட்டா மத்ததும் தன்னால வந்துரும்."

அண்ணாச்சிக்குச் சிலிர்த்துவிட்டது. காசு கொடுத்துச் சாமான் வாங்கித் திருடப் போகிற திருடர்களை, அதுவும் ஜோடியாக, அவர் இப்போதுதான் பார்க்கிறார். என்ன நாணயம்!

"காப்பி சொல்லிட்டு வாரேன்" என்று உள்ளே போய், எஸ்.ஐ. தங்கப்பாண்டிக்குப் போன் போட்டார்.

"ஸார், மரத்திருட்டுக் கும்பல் என் கடையிலதான் நிக்குது. ஒடனே வாங்க. ஒடனேன்னா… செத்த பொறுத்து. கிராப்புக்குப் பில்லு போட்டுக்கிடுதேன்."

நாளைப் பேப்பரும் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. நடுவில் அவர், பின்னால் கிராப். விளம்பரத்துக்கு விளம்பரம், செலவு கிடையாது.

திரும்பி வந்து ஃபோர்க்கை மாட்டினார். தடி உருண்டு ஓடியது. "நான் சொல்லலே?" என்று ஜெயஷீலா புருஷனை முறைத்தாள். அப்புறம் கிராப். அது தடியைப் பச்சைப்பிள்ளையைப் போல அணைத்து மேலே தூக்கியது.

"அப்படியே வெயில் பக்கமாத் திருப்புங்க அண்ணாச்சி. முகம் நல்லாத் தெரியட்டும்" என்றாள் ஜெயஷீலா.

திருப்பினார்.

விக்டர் கிட்டே போய்ப் பார்த்தான். "இதேதான்ளா. இதேதான்."

ஆக, வியாபாரம் முடிந்தது! அண்ணாச்சி சீட்டை விட்டு இறங்கவும் ஜீப் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"எங்க அண்ணாச்சி திருடங்க?" என்றபடி தங்கப்பாண்டி இறங்கினார்.

காசிலிங்கம் விரலை நீட்டினார். அதற்குள் விக்டர் பையிலிருந்து ஒரு சுத்தியலை எடுத்திருந்தான். அடிக்கவில்லை. அந்தரத்தில் தொங்கிய தடியின் வெட்டுமுகத்தில், சுவரைப் பார்த்தே கிடந்த முகத்தில், சும்மா வைத்தான். மரத்தில் குழிந்திருந்த மீன் அடையாளத்துக்குள் சுத்தியலில் புடைத்திருந்த மீன் அச்சாகப் போய் உட்கார்ந்தது.

"எங்க டிப்போ முத்திரை ஸார். தடிக்குத் தடி அடிப்போம். களவு போனதுல ஒண்ணு இது."

"ரோட்டுல போறப்பவே கடைச் சந்து வழியாத் தடியப் பாத்தேன், எனக்குச் சந்தேகந்தான்" என்றாள் ஜெயஷீலா. "ஆனா முகத்தச் சுவரோட ஒட்டிப் போட்டிருந்தாவ. திருப்பிக் காட்டுங்கன்னா காட்டுவாவளா? அதான் பனந்தடி, சண்டையெல்லாம்."

தங்கப்பாண்டி தடியைப் பார்த்தார். இன்னும் நீட்டியபடியே இருந்த விரலைப் பார்த்தார். "யாருட்ட வாங்கினீங்கன்னு ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க. பில்லு இருந்தா அதையும் எடுத்துக்கிடுங்க" என்று ஜீப் கதவைத் திறந்துவிட்டார்.

காசிலிங்கம் ஒரு காலைத் தூக்கி ஜீப்பில் வைத்தார்.

"ஒரு நிமிசம் ஸார்" என்று ஜெயஷீலா ஓடி வந்தாள். "அண்ணாச்சி, அந்தக் கிராப்பை நாங்களே எடுத்துக்கிடுதோம். கேசு முடிஞ்சதும் எங்க தடிய நாங்கதான தூக்கிட்டுப் போவணும்? பில்லு மட்டும் மறக்காமப் போட்டுக் குடுத்துட்டுப் போங்க!"