அணியம் பார்த்த திசை

"இந்த அகதியள் வந்த வள்ளத்தின்ரை முன்பக்கம் எந்தத் திசையைப் பாத்தபடி நிண்டதெண்டு கேக்கிறார், அண்ணை" என்றாள் ஜெசிதா.

கேட்டவர் மேற்கே தொலைவிலுள்ள ஒரு நாட்டின் தூதரக அதிகாரி. ஜெசிதா மொழிபெயர்க்க வந்தவள். செபநாயகம், முந்தாநாள் நடுக்கடலில் அந்த அகதிகளைக் கண்டு, தன் வள்ளத்தில் ஏற்றி மயிலிட்டிக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்.

"அணியமோ? பிள்ளை, அந்த வள்ளம்..."

"திசையை மட்டும் சொல்லட்டாம்."

"அப்பிடியெண்டால் சொல்ல ஏலாது."

அதிகாரி தலையாட்டினார். அவருடைய வாகனத்திலிருந்து பாதி இறங்கிய பால்மாப் பெட்டிகள் மறுபடி ஏறின.

"ஏன் பிள்ளை திருப்பி ஏத்தினம்?" என்று அகதிகள் தங்கியிருந்த கோயில் மண்டப வாசலில் நின்று கேட்டாள் செபநாயகத்தின் மனைவி மக்டலீன். அவள் தோளில் கிடந்த அகதிக் குழந்தை அழுதழுது குரல் கம்மிப் போயிருந்தது. தாய்க்குக் காய்ச்சல், பாலில்லை.

"தங்கடை நாட்டுக்கு வெளிக்கிட்ட ஆக்களெண்டாத்தான் குடுக்கலாமாம், அக்கா. இஞ்சையே வயிறு நிறைஞ்சால் அங்கை வரமாட்டினமாம். வேறை நாட்டுக்குப் போற ஆக்களெண்டால், அது அந்த நாட்டின்ரை பாடாம்."

மக்டலீன் புருஷனைப் பார்த்தாள்.

"கேட்டதோ? ஊர்க்கதையெல்லாம் மணிக்கணக்கா அளப்பியள். இதுக்கு மட்டும் வாய்க்குப் பூட்டு."

செபநாயகம் தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை, அவரை மறியும். இப்பதான் ஞாபகம் வருது. மேற்கு."

பெட்டிகள் இறங்கின. அதிகாரி குழந்தையோடு படம் எடுத்துக்கொண்டார். குழந்தை அவரைப் பார்க்கவில்லை, போத்தலைத்தான் பார்த்தது.

பின்னேரம் தெற்கேயுள்ள இன்னொரு நாட்டின் அதிகாரி வந்தார். லொறி நிறைய மருந்து, பாய், தறப்பாள். அவரும் அதே கேள்விதான் கேட்டார்.

"நேர் தெற்கு" என்றார் செபநாயகம், ஜெசிதா மொழிபெயர்த்து முடிக்க முன்னரே.

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஜெசிதாவும் கண்ணிமைக்காமல் அதை இங்கிலீசில் சொன்னாள். லொறி வெறுமையானது.

அது ஒழுங்கை முனையில் திரும்பும்வரை பொறுத்திருந்துவிட்டு அவள் மெல்லக் கேட்டாள்:

"அண்ணை, எனக்காவது உண்மையைச் சொல்லுங்கோ. அந்த வள்ளம் எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டது?"

"வள்ளத்தை ஆர் கண்டது, பிள்ளை?" என்றார் செபநாயகம். "நான் போகேக்கை இதுகள் வெறும் பிளாஸ்டிக் கலனுகளைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு தண்ணியிலை மிதந்ததுகள்."