ஜாமி ஹோரஸ்

"இது பக்கா மோசடி!"

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றான் ஜூலியன். லண்டனிலிருந்து இந்த யார்க்‌ஷயர் ஊருக்குக் குடிவந்து இன்னும் சுவருக்குப் பெயின்ட்கூட அடித்து முடிக்கவில்லை. அதற்குள் பப்பில் பஞ்சாயத்து.

வெள்ளிக்கிழமைக் கறிக் குலுக்கல் அது. பரிசு, ஒரு முழு ஆட்டுத்தொடை.

"பிங்க், நாற்பத்தேழு!" என்று கூவிய பப் முதலாளியம்மா பெர்னிஸ், கையிலிருந்த சீட்டைச் சட்டென்று மடக்கிக்கொண்டாள்.

"அவங்க எடுத்தது நீலச் சீட்டு, என் கண்ணால பார்த்தேன்! போன வாரமும் இவர்தானே ஜெயிச்சார்? அதுக்கு முந்தின வாரமும் இவர்தானே?"

ஜூலியன் விரல் நீட்டிய மூலை மேஜையில், ரிட்டயரான பஸ் டிரைவர் ஹோரஸ் தன் பிங்க் சீட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மூடி மறைப்பானேன்? ஜூலியன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. பெர்னிஸ் வாராவாரம் வாய் கூசாமல் பொய்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஹோரஸ் காதுக்கு மட்டும் எட்டிவிடாமல் அந்தப் பப்பே அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தது.

மனைவி எட்னா இறந்துபோனதிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவர் ஹோரஸ். சூப் கொண்டுபோன பக்கத்து வீட்டுக்காரியை, "எனக்குக் கை கால் நல்லாத்தான் இருக்கு" என்று வாசலோடு திருப்பி அனுப்பினார். யாராவது பரிதாபமாக ஒரு பார்வை பார்த்துவிட்டால் போதும், அப்புறம் அந்தத் தெருப் பக்கமே தலைகாட்ட மாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை பிளம்பர் கோர்டன்தான் அவரை வம்படியாகப் பப்புக்கு இழுத்துவந்தான். அன்றைக்கு நிஜமாகவே அவர் நம்பருக்கு ஒரு கோழி விழுந்தது.

"யோவ், ஜாமி!" என்று மொத்தக் கூட்டமும் கத்தியது. கொழுத்த அதிர்ஷ்டக்காரனுக்கு அந்த ஊர் கொடுக்கும் பட்டம் அது. உடம்பெல்லாம் ஜாம் பூசிக்கொண்டு திரிகிற ஆள் என்று கேலி. ஹோரஸ் சிரித்துவிட்டார். எட்னா போனபிறகு ஊர் அவர் பல்லைப் பார்த்தது அன்றுதான்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் எல்லாம். பெர்னிஸ் டப்பாவிலிருந்து எந்தச் சீட்டை எடுத்தாலும் அவள் வாய் ஹோரஸின் நம்பரைத்தான் சொல்லும். கூட்டமும் ஒன்றும் தெரியாத பாவனையில் கை தட்டும். இப்போது விஷயம் உடைந்தால் மனிதர் மறுபடி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பெர்னிஸ் மடக்கிய கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"எங்கே, கையைத் திறங்க பார்க்கலாம்!" ஜூலியன் கவுன்டருக்கே வந்துவிட்டான்.

பெர்னிஸ் கையைத் திறந்தாள். சீட்டு நழுவி, பக்கத்தில் நின்ற கோர்டனின் பீர் கிளாஸுக்குள் விழுந்தது.

கோர்டன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கிளாஸைத் தூக்கி ஒரே மடக்கில் குடித்துமுடித்தான்.

"பெர்னிஸ், இன்னிக்கு பீர் கொஞ்சம் கெட்டியா இருக்கே!"

பப் அதிர்ந்து சிரித்தது. சாட்சியைக் கண்ணெதிரே முழுங்கிவிட்டால் பாவம் ஜூலியன்தான் என்ன செய்வான்? அவன் தோளில் கனமாகக் கையைப் போட்டான் கோர்டன்.

"வா தம்பி. வெளியில காத்து நல்லா இருக்கு, ரெண்டு வார்த்தை பேசலாம்."

திரும்பி வந்தபோது ஜூலியனின் காது இரண்டும் வெட்கத்தில் சிவந்திருந்தன. நேராக ஹோரஸின் மேஜைக்குப் போனான்.

"மன்னிச்சுக்குங்க சார். எனக்கு... எனக்குக் கலரே சரியாத் தெரியாது. நீலமும் பிங்க்கும் ஒண்ணாட்டம்தான் தெரியும்."

"அடடா! இந்தச் சின்ன வயசுல இப்படியா?" என்றார் ஹோரஸ்.

ஜூலியன் தொண்டையைச் செருமிக்கொண்டான். பிறகு தன் லண்டன் உச்சரிப்பில், பப்பிலேயே உரத்த குரலில் கத்தினான்: "யோவ், ஜாமி!"

மேஜைகள் தடதடத்தன. யாரோ விசிலடித்தார்கள். கோர்டன் ஜூலியனை இடுப்போடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். ஆட்டுத்தொடையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார் ஹோரஸ். பெர்னிஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கூட்டம் பாட ஆரம்பித்ததும், காலி கிளாஸை வைக்கக் கவுன்டருக்கு வந்த ஹோரஸ் மெல்லக் குனிந்தார்.

"பெர்னிஸ், அடுத்த வாரம் பரிசு கொஞ்சம் சின்னதா இருக்கட்டும்மா. பக்கத்து வீட்டு நாய் இதுக்கு மேல பெருத்தா கதவுல நுழையாது."

"நாயா?"

"பின்னே? எட்னாவும் நானும் கறியை விட்டுத்தான் வருஷக்கணக்கா ஆச்சே."

பெர்னிஸ் கையிலிருந்த துணி கிளாஸைத் துடைக்க மறந்தது.

"அப்போ... குலுக்கல் விஷயம்... உங்களுக்குத் தெரியுமா?"

"பஸ் ஓட்டினவன்ம்மா நான். கடைசி சீட்டுல என்ன கூத்து நடக்குதுன்னு திரும்பிப் பார்க்காமலே சொல்லுவேன்."

"தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க? எங்க யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாது?"

பாடிக்கொண்டிருந்த கூட்டத்தை வாஞ்சையோடு ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார் ஹோரஸ்.

"எப்படிம்மா சொல்றது? அன்னிக்கு அந்தக் கோழி விழுந்தப்போ இவங்க முகத்தைப் பார்த்தேன். பாவம், சந்தோஷத்துக்கு அவ்வளவு ஏங்கிப்போயிருக்காங்க! அதான், நாமளாவது துணையா இருப்போமேன்னு வாராவாரம் வந்துட்டிருக்கேன்."