ராஜா அழுத பக்கம்

"இவனெல்லாம் ஒரு ராஜாவா? குதிரை செத்ததுக்கு ஒப்பாரி வைக்கிறான்! மீசைய என்ன அழகுக்கு வச்சிருக்கானா?"

அச்சாபீஸ்ல, பைண்டிங் மேஜைகிட்ட நின்னு பைண்டரு அந்தப் படத்த முறைச்சாரு. புதுசா வந்த பிள்ளைங்க கதைப் புஸ்தகம். கிரீடத்த கழட்டி கீழ வச்சுட்டு ராஜா தேம்புறான். தாள திருப்பினா, பின்னாடியும் அதே அழுகை.

"இப்போ இப்படித்தான் எழுதுறாங்க அத்தான்"னு சிரிச்சான் மச்சினன். பொண்டாட்டியோட தம்பி. அதே அச்சாபீஸ் மாடியில பிழை திருத்துற வேலை. "புலிய கிழிச்ச ராஜாவெல்லாம் ரிட்டையர் ஆயாச்சு. சாயங்காலம் பாப்பாவுக்கு இதத்தான் படிக்கப் போறேன்."

அங்கதான் பைண்டருக்கு வயிறு எரிஞ்சுது.

மகளுக்கு ஆறு வயசு. மச்சினன் வாசல்ல செருப்ப கழட்டறதுக்குள்ள மடி கேட்டு ஓடுவா. அவனும் பூனைன்னா பூனை, பேய்ன்னா பேய்னு குரல மாத்தி மாத்திப் படிப்பான். பெத்த அப்பன் ஓரமா உக்காந்து, விரல்ல காஞ்ச பசைய உரிச்சுக்கிட்டிருக்கணும்.

ஒருநாள் ஆசையா தானே ஒரு கதை ஆரம்பிச்சாரு. பாதியிலயே மக நிறுத்திட்டா. "உன் ராஜா எல்லாரையும் வெட்டிக்கிட்டே இருக்கான்ப்பா. போர் அடிக்குது."

பொண்டாட்டி வேற சிரிச்சா. தம்பி பெருமை.

'ஸ்கூல் பீஸ் நான் கட்டறேன், மடி மட்டும் அவனுதா? இன்னிக்கு படிடா பாப்போம்!'

வேலை செய்றவங்களுக்கு ஆளுக்கு ஒரு புஸ்தகம் இனாம். பைண்டரு தன் பங்குக்கு தாள் அடுக்கும்போது, பசை போடறதுக்கு முன்னாடி, அந்த அழுமூஞ்சித் தாள மட்டும் நைசா உருவிட்டாரு. வெட்டும் இல்ல, கிழிசலும் இல்ல. இருபது வருஷத்து கை, சும்மாவா!

சாயங்காலம் வீட்டுல, "இந்தா மாப்ள, என் புஸ்தகத்துலயே படி"ன்னு என்னிக்கும் இல்லாத பாசத்தோட நீட்டினாரு.

மச்சினன் படிச்சான். குதிரைக்கு நோவு வந்துச்சு. ராஜா கஞ்சி காய்ச்சி ஊட்டினான். குதிரை கண்ண மூடிருச்சு. மக மூச்ச புடிச்சுக்கிட்டா. தாள் திரும்புச்சு. ராஜா ஒரு குட்டிக் குதிரைக்கு ஜாலியா புல்லு குடுத்துக்கிட்டு நிக்கிறான்.

"பன்னெண்டுக்கு அப்புறம் பதினஞ்சு வருதே மாமா?" ஆறு வயசுலயே ஆடிட்டரு!

பைண்டரு ஃபேன பாத்துக்கிட்டே காத்திருந்தாரு. இப்ப முழிப்பான் பாரு.

மச்சினன் முழிக்கல. அத்தான ஒரு பார்வை பாத்தான். புஸ்தகத்த மூடினான்.

"எனக்குத் தெரியாதுடா கண்ணு. இத பைண்டு பண்ணது உங்கப்பாதானே? நடுவுல என்ன நடந்துச்சுன்னு அவரையே கேளு."

எலிப்பொறி வச்சவன் கையே மாட்டிக்கிச்சு. மக எழுந்து வந்து அப்பா மடியில உக்காந்தா. எத்தனை நாள் கழிச்சு!

"சொல்லுப்பா. ராஜா என்ன பண்ணான்?"

"என்ன பண்ணுவான்... கத்திய உருவி..."

"யார வெட்ட? குதிரை நோவு வந்துதானே செத்துச்சு?"

"அதுவும் சரிதான். கொஞ்சூண்டு வருத்தப்பட்டான்."

"அழுதானா?"

"அவன் ராஜாடி! அழுதா நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா? அதனால உள்ள போயி, கதவ சாத்திக்கிட்டு, பைப்ப தொறந்துவிட்டு, அந்த சத்தத்துல அழுதான்."

"அரண்மனையில ஏதுப்பா பைப்பு?"

பைண்டரு விரல்ல காஞ்ச பசைய உரிச்சாரு. மக அவரு மூஞ்சியவே பாக்குறா.

"அரண்மனை இல்லடா... ஆஸ்பத்திரி. போன வருஷம் உனக்கு மூச்சு வாங்குச்சுன்னு தூக்கிட்டு ஓடினேனே... டாக்டரு எதுவும் சொல்ல முடியாதுன்னு..."

அதுக்கு மேல வார்த்த வரல. வேற என்னமோதான் வந்துச்சு.

"இங்க பைப்பு இல்லையேப்பா"ன்னு மக தன் பாவாடையால அவரு கன்னத்த துடைச்சா. "பரவால்ல, யாரும் சிரிக்கல. அப்புறம் சொல்லு."

மச்சினன் சத்தமில்லாம எழுந்து அடுப்படிக்கு வந்துட்டான். அங்க அக்கா, அவன் பையில டிபன் டப்பாவ வைக்கப் போனவ, அப்படியே நின்னா. பையில அவன் பங்கு புஸ்தகம். புரட்டிப் பாத்தா பன்னெண்டு, பதிமூணு, பதினாலு, எல்லாம் ஒழுங்கா இருக்கு.

"ஏண்டா, முழுப் புஸ்தகத்தையும் பையில வச்சுக்கிட்டா குழந்தைகிட்ட தெரியாதுன்னே?"

"மெதுவா பேசுக்கா"ன்னான் தம்பி. "ராஜா இன்னும் அழுது முடிக்கல."